டொக்டொக் பார்த்துச் சொன்ன வேட்பாளர்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெரு வைத்திருக்கும் பெயர் டொக்டொக். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். நேரே என்றால் "வாங்கண்ணே, உக்காருங்கண்ணே"தான். ஆனால் வெளியாள் யாராவது வழி கேட்டால், "டொக்டொக் வீடா? அதோ அந்தப் பச்சை கேட்" என்று கையைக் காட்டிவிடுவார்கள். வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது பழகிவிட்டது. கோபம் வருகிற நாளில் நானே அப்படித்தான் அவரைத் திட்டுகிறேன்.

அவர் தொழில் பழைய கார் பார்த்துச் சொல்வது. வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, பார்த்துச் சொல்வது மட்டும். யாராவது பழைய வண்டி வாங்கப் போனால் இவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். இவர் விரல் முட்டியால் கதவைத் தட்டுவார், பானெட்டைத் தட்டுவார், டிக்கியைத் தட்டுவார். வெறும் தகடு என்றால் ஒரு சத்தம், அடிபட்ட இடத்தில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் வேறு சத்தம். அதிலும் திருப்தி வராவிட்டால் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்ப்பார். தகட்டில் ஒட்டிக்கொள்ளும், பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அந்தக் காந்தத்தை எடுத்து வைப்பதே எனக்கு ஒரு வேலை.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. வண்டியைப் பார்க்க, சொன்ன நேரத்துக்குப் போகவே மாட்டார். சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு விடிகாலையிலேயே போய் நிற்பார். கெட்டுப்போன இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் இருமும், புகையும், அடம்பிடிக்கும். ஆள் வரப்போவது தெரிந்தால் விற்பவன் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவான். அதனால் இவர் போனதும் முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவார். அடுத்த சட்டம், கால் மிதியடியைத் தூக்கிக் கீழே துரு இருக்கிறதா என்று பார்ப்பது. கடைசிச் சட்டம், வண்டியைப் பற்றி அக்கம்பக்கம் எல்லாரிடமும் கேட்பது, சொந்தக்காரனிடம் மட்டும் கேட்காமல் இருப்பது. "ஓனர் வாயில இருந்து வர்றது எல்லாம் விளம்பரம்" என்பார்.

இந்தச் சட்டங்களை அவர் ரகசியமாக வைத்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவேண்டி வந்திருக்காது. டீக்கடையில் சொல்வார், முடிவெட்டும் இடத்தில் சொல்வார், என் மருந்து வாங்கப்போன கடையில் நின்றுகொண்டு சொல்வார். கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டால் போதும், மனுஷனுக்குக் கால் தரையில் நிற்காது.

எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோதும் இதே வேலைதான் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வர ஒரு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் விடிந்தும் விடியாமலும் இவர் மட்டும் தனியாக எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் வாய் நிறையப் பற்பசை நுரையோடு கதவைத் திறந்தேன். யாரென்றே தெரியாது. "இந்நேரத்துல யாருய்யா நீ?" என்று எரிந்து விழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பிறகு என் அண்ணனிடம், "பொண்ணுக்குக் கோபம் வரும், அதை மறைக்கல, எனக்குச் சம்மதம்" என்றாராம். இத்தனை வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி என் பிராணனை வாங்குகிறார்.

ஊருக்கெல்லாம் கார் பார்த்துச் சொல்கிற மனுஷன் வீட்டில் கார் கிடையாது. ஒரு சைக்கிள்தான். அவர் கண்ணில் பட்ட எந்த வண்டியும் தேறவில்லை. ஒன்றில் பட்டி, ஒன்றில் துரு, ஒன்றில் ஓடின தூரத்தைக் காட்டும் மீட்டரைக் குறைத்திருக்கிறான். "ஏங்க, இந்த ஜென்மத்துல நமக்கு ஒரு வண்டி உண்டா?" என்று கேட்டால், "அவசரப்பட்டு ஏமாறச் சொல்றியா?" என்பார். அவசரமாம். எனக்குத் தலை நரைத்தாகிவிட்டது.

கார் இல்லாமல் நாங்கள் சமாளித்ததற்குக் காரணம் எங்கள் தெருமுனை ஆஸ்பத்திரி. எனக்கு வீசிங் உண்டு. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பேன், திடீரென்று நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். கையில் வைத்து உறிஞ்சுகிற மருந்து அதற்கெல்லாம் போதாது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்துவிடுவேன். பார்த்ததுமே நர்ஸம்மா முகமூடியை மாட்டி மிஷினைப் போட்டுவிடுவார். மருந்துப் புகை உள்ளே போகப்போக மூச்சு திரும்பும். அந்த ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் நான் ராத்திரி கண்ணை மூடுகிறேன். அதற்காகத்தான் இந்த வீட்டுக்கே குடிவந்தோம்.

அந்த ஆஸ்பத்திரியை பைபாஸ் ரோட்டுக்கு மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அந்தச் சமயம் பார்த்து வார்டு தேர்தலும் வந்தது. ஜெயித்து வருகிற மெம்பர் சம்மதித்தால் ஆஸ்பத்திரி போய்விடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் இங்கேயே இருக்கும் என்று நர்ஸம்மா சொன்னார். நின்றவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் எங்கள் வாசலுக்கு வந்து, ஆஸ்பத்திரியை ஒரு அடிகூட நகரவிட மாட்டோம் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனார்கள்.

"மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்கன்னா அதுல ஒருத்தனாவது புளுகுறான்" என்றார் இவர்.

"மூணு பேருமே புளுகினா?"

"அதையும் பாத்துருவோம்" என்று காந்தத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆளைப் பார்க்கக் காந்தம் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். எனக்காகத்தான் கிளம்புகிறார் என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் கான்ட்ராக்டர். ரோடு போடுகிறவர், குரல் தெருவுக்கே கேட்கும். இவர் விடிகாலையில் அவர் வீட்டுப் பக்கம் நடைப்பயிற்சி போகிறவர்போல் போயிருக்கிறார். அந்நேரத்துக்கே கான்ட்ராக்டர் குளித்து, கஞ்சி போட்ட சட்டையோடு, வாசலில் ஆட்களை நிறுத்தி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு சொல்லிவிட்டார். "இன்ஜின் சூடு." போதாக்குறைக்கு, கான்ட்ராக்டரின் ஆட்கள் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டை டேப் வைத்து அளந்ததைப் பேப்பர் போடுகிறவர் பார்த்திருக்கிறார். அதோடு கான்ட்ராக்டர் கதை முடிந்தது.

அடுத்தது பெரிய டீச்சர். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். இவர் விடிகாலையில் போனபோது அந்தம்மா பழைய நைட்டியோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தங்கமான மனுஷி என்கிறார்கள். பால்காரர் தங்கம் என்கிறார், எதிர்வீட்டுக்காரி தங்கம் என்கிறாள். வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகத் திரும்பி வந்திருப்பார்கள். இவருக்குத்தான் அங்கே சந்தேகம் முளைத்தது.

"ஒரு கீறல்கூட இல்லாத பழைய வண்டி உண்டா? சொல்லு பாப்போம்."

"அவங்க மனுஷிங்க, வண்டி இல்ல."

"மனுஷங்கதான் இன்னும் நல்லா பெயின்ட் அடிப்பாங்க."

அதோடு விடவில்லை. பள்ளிக்கூட வாட்ச்மேனைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, பேச்சுக் கொடுத்திருக்கிறார். டீச்சரம்மா நடுவில் நீண்ட லீவு போட்டுவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தார் என்றும், திரும்பி வந்தபிறகு அந்த நாட்களைப் பற்றி யாரிடமும் பேசியதே இல்லை என்றும், கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார் என்றும் வாட்ச்மேன் சொன்னாராம். இவருக்குக் கண் மின்னியது. "ரீபெயின்ட்! எங்கேயோ பெருசா அடிபட்டிருக்கு. மறைக்கிறாங்க."

"நேராப் போய் அவங்களையே கேட்டா என்ன குறைஞ்சா போயிருவீங்க?"

"ஓனர்கிட்டயா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் குழம்புக் கரண்டியை அடுப்பு மேடையில் ஓங்கிப் போட்டேன்.

மூன்றாவது மருந்துக்கடைக்காரர். என் மருந்து அவர் கடையில்தான் வாங்குவோம். இவர் பார்த்துச் சொல்லித்தான் அவர் கார்கூட வாங்கினார். விடிகாலையில் இவர் போனபோது அந்த மனுஷன் கிழிந்த பனியனோடு வாசற்படியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாராம். இவரைப் பார்த்ததும் எழுந்துகூட நிற்கவில்லை. "வாங்கண்ணே. ஓட்டு கேக்கற மூஞ்சியாண்ணே இது? பாருங்க. நான் கோபக்காரன், கஸ்டமர்கிட்ட சண்டை போட்டிருக்கேன், எங்க வீட்ல கேட்டா இன்னும் சொல்லுவாங்க" என்றாராம். மாடியில் குடியிருப்பவரை விசாரித்தால் அவரும் குறைதான் சொன்னார். "நல்லவர்தான். ஆனா சோம்பேறிங்க. காலையில எழுந்திரிக்கவே மாட்டார். வெயில் ஏறினப்புறம்தான் கடையே திறப்பார்." பைபாஸில் அவர் குடும்பம் கட்டுவதாகப் பேசப்பட்ட கட்டடத்தைப் பற்றியும், இவர் கேட்காமலே, மருந்துக்கடைக்காரர், "என் மச்சினன் கட்டறான்ணே. குடோனாம். அவன் என்னைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கான்?" என்று தலையில் அடித்துக்கொண்டாராம்.

இவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்க்கவேண்டும். நல்ல வண்டி கிடைத்த நாளில் வருகிற அதே நடை. கேட்டுக்கு வெளியே தெருவே காத்திருந்தது. கார் பார்த்துவிட்டு வரும்போது வாங்குகிறவர்கள் இப்படித்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எதிர்வீட்டுத் தையல்காரிதான் முதலில் கேட்டாள். "என்னண்ணே, யாருக்குப் போடலாம்?"

"மருந்துக்கடை. அடிபட்ட வண்டிதான். ஆனா எதையும் மறைக்கல. இன்ஜின் ஆறியிருக்கு, காந்தம் ஒட்டுது."

"அண்ணன் சொன்னா சரிதான்" என்றாள் தையல்காரி. அத்தோடு தெருவே முடிவு பண்ணிவிட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள். இவர் சொன்ன வண்டி இதுவரை யாரையும் நடுவழியில் நிறுத்தியதில்லை.

எனக்கு மட்டும் மனதில் ஏதோ உறுத்தியது. சோறு பரிமாறும்போது கேட்டேன். "ஏங்க, அந்த ஆளு வெயில் ஏறினப்புறம்தானே எழுந்திரிப்பாராம்?"

"ஆமா."

"அப்போ நீங்க போன நேரத்துக்கு எழுந்து வாசப்படி கழுவிக்கிட்டு இருந்தது யாரு?"

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. ஒரு கணம்தான். பிறகு, "தேர்தல் நேரம், தூக்கம் வராது. உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்" என்றார். யார் யாரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை பாருங்கள்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஓட்டுப் போடுவதற்கு முந்தின நாளுக்கு முந்தின நாள், பைபாஸ் பக்கம் ஒரு கார் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். போய்விட்டு மத்தியானமே திரும்பிவிட்டார். ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. "என்னங்க, வண்டி மோதிருச்சா?"

"அந்த மச்சினன் குடோனை எட்டிப் பாத்தேன்" என்றார். "உள்ள கண்ணாடி அலமாரி மாட்டிக்கிட்டு இருக்காங்க. மருந்து அடுக்கற அலமாரி. சுவரோரமா ஒரு பெரிய போர்டு, முகத்தைக் கவுத்துச் சாய்ச்சு வச்சிருக்கு. என் கை சும்மா இருக்குமா? புரட்டிப் பாத்தேன்."

"என்ன எழுதியிருக்கு?"

"இவன் கடை பேருதான். அதுக்குக் கீழே, 'அரசு மருத்துவமனை எதிரில்'."

பைபாஸில் அந்தக் கட்டடத்துக்கு எதிரே பொட்டல்காடுதான் என்று எனக்கும் தெரியும். முள்ளும் பிளாஸ்டிக் கவரும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. இன்னும் வராத ஆஸ்பத்திரிக்கு எதிரில் இவன் கடைக்கு போர்டே எழுதிவிட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூச்சுத் திணறுகிறவளுக்கு மருந்தை நீட்டிக்கொண்டே, அவள் ஆஸ்பத்திரியை விலை பேசியிருக்கிறான் பாவி.

"நான் வருவேன்னு தெரிஞ்சு ஆற வச்சிருக்கான்" என்றார் இவர். "விடிகாலையில வருவேன்னு தெரியும். மாடிக்காரனைக் கேப்பேன்னு தெரியும். கீறல் இருந்தாத்தான் நம்புவேன்னு தெரியும். எல்லாத்தையும் அவன் கடையில நின்னு நான்தானே சொன்னேன்? அந்த மாடிக்காரன் யாரு? அவனுக்கு வாடகை குடுக்கறவன். அதைக்கூட நான் யோசிக்கலையே." எத்தனையோ பேர் வந்து இவரிடம் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். இவர் குரல் உடைந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அத்தனை நாள் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஷூவை நானே கழற்றிவிட்டேன்.

"எழுந்திரிங்க. டீச்சர் வீட்டுக்குப் போவோம். இந்தத் தடவை நேராக் கேக்கறோம்" என்றேன். எழுந்து வந்தார்.

பெரிய டீச்சர் எங்களை உள்ளே உட்காரவைத்தார். கூடத்தில் ஒரு பக்கத்துக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வெளியே ஷெட்டில் ஒரு பழைய கார் தார்ப்பாயால் மூடியபடி நின்றது. இவர் கண் அதில் ஒரு தடவை போய்வந்தது, வழக்கம்போல் எழுந்து போகவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறி, கடைசியில் கேட்டுவிட்டார். "டீச்சர், நீங்க லீவு போட்டு வெளியூர் போனீங்களே, அது எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அந்தம்மா கோபப்படவில்லை. எழுந்துபோய் அந்தக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு மனசு சரியில்லாம போச்சு. அங்கேதான் வச்சு வைத்தியம் பார்த்தேன். நல்லா வேலை பார்த்த மனுஷர். நாலு பேர் வாயில விழக்கூடாதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. இப்பவும் இந்தத் தெருமுனை ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸ் வந்துதான் அவருக்கு ஊசி போடறாங்க. அது போயிருச்சுன்னா நான் என்ன செய்வேன்? அதுக்காகத்தான் நின்னேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பா நினைச்சுட்டேன், டீச்சர்."

"என்னைப் பத்தி ஊரெல்லாம் விசாரிச்சீங்கன்னு தெரியும். பால்காரர்கிட்ட, வாட்ச்மேன்கிட்ட, எதிர்வீட்ல. என்னை மட்டும்தான் கேக்கல. கேட்டிருந்தா உங்களுக்குச் சொல்லியிருப்பேன்" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அதனாலேயே எனக்கு அவமானமாக இருந்தது. என் வீட்டுக்காரருக்காகக் கூனிக்குறுகிப் போனேன்.

அங்கிருந்து எழுந்தவர் வீடுவீடாகப் போனார். முதலில் தையல்காரி வீடு. டீச்சர் வீட்டுச் சமாச்சாரத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை, அது டீச்சருடையது. போர்டைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். தையல்காரி மிஷினிலிருந்து காலை எடுக்காமலே கேட்டாள். பிறகு இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. கடைசி நேரத்துல ஒருத்தன் பேச்சை மாத்தினா அதுக்குள்ள ஏதோ இருக்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"சொல்லுவேன். இது வேற."

"டீச்சர் வீட்ல இருந்து நேரா இங்க வர்றீங்க. பாத்தேன்."

"ஏய், நீ என்ன சொல்ல வர்றே?" என்று நான் பாய்ந்தேன். இவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அடுத்த வீட்டிலும் இதே கதை. அதற்கடுத்த வீட்டில் கதவையே திறக்கவில்லை, ஜன்னல் வழியாக, "யார் அனுப்பினாங்க?" என்றார்கள். எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரையே பிள்ளைகள் சந்தேகப்பட்டார்கள். மறுநாள் காலையில் தெருக்காரர்கள் சிலர் பைபாஸுக்கே நேரில் பார்க்கப் போனார்கள். அதையும் இவரிடம்தான் கற்றுக்கொண்டார்கள். அதற்குள் சேதி மருந்துக்கடைக்காரர் காதுக்கு எட்டியிருக்கும், போய்ப் பார்த்தால் போர்டு இல்லை. அலமாரிகளில் ஏதேதோ மூட்டை அடுக்கியிருந்ததாம். "குடோன்தாண்ணே" என்று திரும்பிவந்து சொன்னார்கள்.

மருந்துக்கடைக்காரர் இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அண்ணன் பாவம், யாரோ ஏதோ சொல்லிக் குழப்பிட்டாங்க. நமக்கு அண்ணன் மேல கோபமே இல்ல" என்று கூட்டத்தில் பேசினாராம். கேட்டவர்கள் கைதட்டினார்களாம். கான்ட்ராக்டருக்குப் போடவேண்டியவர்கள் கான்ட்ராக்டருக்குப் போட்டார்கள். எங்கள் தெரு, இவர் முதலில் சொன்னபடியே, மருந்துக்கடைக்குப் போட்டது. எங்கள் தெரு ஓட்டில்தான் அவர் ஜெயித்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் ஆஸ்பத்திரி போய்விட்டது. நாற்காலி, கட்டில், அந்த மிஷின் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார்கள். நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்திரமா இருங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தையல்காரி அன்று சாயங்காலம் வந்து, "அக்கா, அண்ணன் சொன்னது நிஜம்தான் போல" என்றாள். காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த தடவை நெஞ்சு அடைத்தபோது நல்ல பகல். இவர் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்று, வருகிற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டினார். பஸ் நிற்கவில்லை. ஆட்டோ நிறைய ஆள். கடைசியில் காய்கறி ஏற்றிவந்த ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். போய்ச் சேர்ந்தபோது என் உதடு நீலம் பாரித்திருந்ததாம். எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஊருக்கே கார் பார்த்துச் சொன்ன மனுஷன், என் முதுகைத் தடவியபடி வாய்விட்டு அழுதுகொண்டு வந்தார்.

நான் தேறி வீட்டுக்கு வந்த மறுநாள் எங்கோ போனார். விடிகாலையில் இல்லை, காபி குடித்துவிட்டு, எல்லாரும் போகிற நேரத்துக்கு, போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பும்போது வாசலில் ஹாரன் சத்தம். பச்சை கேட்டுக்கு வெளியே ஒரு பழைய கார் நின்றது. டீச்சர் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் நின்ற அதே கார்.

நான் கேட்டைத் திறந்துகொண்டு போய்க் கேட்டேன். "இன்ஜின் ஆறியிருந்துச்சா?"

"தொட்டுப் பாக்கல."

"தட்டிப் பாத்தீங்களா? காந்தம்?"

"இல்ல. இதுல என்ன குறைன்னு டீச்சரைக் கேட்டேன். ரெண்டாவது கியர் சிக்கும், மழை பெஞ்சா பின்சீட்டு நனையும், இந்தப் பக்கத்துக் கதவு உள்ள இருந்து திறக்காதுன்னாங்க. சரின்னு எடுத்துட்டு வந்துட்டேன்."

ஓட்டிப் பார்த்ததில் ரெண்டாவது கியர் சிக்கியது. மழைக்குப் பின்சீட்டு நனைந்தது. டீச்சர் சொன்னதற்கு மேல் இன்றுவரை ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இவர் தேடவும் இல்லை.

இப்போது மாதா மாதம் அதில்தான் பைபாஸ் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டாக்டர் எழுதிக்கொடுக்கிற மருந்து எதிரில் இருக்கிற அந்தக் கடையில்தான் கிடைக்கிறது. வேறு கடை அங்கே இல்லை. போர்டு பெரிதாக, விளக்கெல்லாம் போட்டு மாட்டியிருக்கிறது. முதல் தடவை போனபோது மெம்பரே கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாக வெளியே எட்டிப் பார்த்தார்.

"அட, அண்ணன் கார் வாங்கிட்டாரா! சொல்லவே இல்ல. நல்லா பாத்துத்தானே வாங்கியிருப்பாரு?"

"பாக்கலீங்க" என்றேன். "கேட்டு வாங்கினார்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரிப்பு பாதியில் நின்றுபோனது. எனக்கு அவரிடம் பேச இஷ்டமில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு வந்து காரில் ஏறினேன். வீடு வந்ததும், டீச்சர் சொன்னபடியே, என் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. இவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து வெளியிலிருந்து திறந்துவிட்டார்.